கிடா முட்டும் மாதம்

மூன்றாவது முறையும் ஓமுர்பெக் வெறுங்கையோடுதான் திரும்பி வந்தார். யாக் எருதின் முதுகில் போட்டுக்கொண்டு போன வெற்றுச் சாக்குகள் அப்படியே வந்தன. தாடியிலும் புருவத்திலும் பனி கெட்டித்துக் கிடந்தது. துப்பாக்கியை மாட்டப் போனவர் ஆணி இருக்கும் இடத்தை விட்டுவிட்டுச் சுவரை இரண்டு தரம் இடித்தார். மூன்றாவது தரம்தான் வார் ஆணியில் விழுந்தது.

சைக்கால் அடுப்புக்கு முன்னால் குத்தவைத்து தெரெஸ்கென் வேரை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நிலக்கரி லாரி வருவது நின்று இது மூன்றாவது குளிர்காலம். ஊரைச் சுற்றியிருந்த தெரெஸ்கென் புதரையெல்லாம் சனங்கள் வேரோடு பிடுங்கி எரித்துவிட்டார்கள். இப்போது ஒரு கட்டு வேருக்குப் பாதி நாள் நடக்க வேண்டும். அந்த நடை நடந்து கொண்டுவந்த வேரைத்தான் அவள் ஒடித்துக்கொண்டிருந்தாள். சடக், சடக்கென்று ஒவ்வொரு வேரும் முறிகிற சத்தத்திலேயே அவள் மனசு என்ன நிலையில் இருக்கிறதென்று தெரிந்தது.

"இந்தத் தடவ என்ன, காத்தா?"

"காத்துதான். பின்னாலேர்ந்து அடிச்சுது. நம்ம வாடை அதுங்களுக்குப் போயிருச்சு."

"போன தடவையும் காத்துதான்."

"போன தடவ வெயிலு. பனியில பட்டுக் கூசுச்சு."

"அதுக்கு முந்தின தடவ?"

"அன்னிக்கு எருது செருமிருச்சு."

"ஆமா. எருது செருமுது, காத்து அடிக்குது, வெயில் கூசுது. இந்த மலையில ஒங்களுக்கு மட்டுந்தான் இதெல்லாம் நடக்குது. தபால்காரன் கூட ஒண்ணு அடிச்சிட்டு வந்துட்டான். அவனுக்குத் துப்பாக்கியில எந்தப் பக்கம் குண்டு வருங்கிறதே தெரியாது."

ஓமுர்பெக் வந்து உட்கார்ந்தார். உட்காரும்போது முழங்கால் பட்டு டீக்கிண்ணம் கவிழ்ந்தது. பெரிய மகள் அய்சாடா துணி எடுத்து வந்து துடைத்தாள். சின்னவள் நூரிலா, கவிழ்ந்த டீயோடு போன பாலை நினைத்து முகத்தைச் சுளித்தாள்.

"பாத்து உக்காரக் கூடாதா?" என்றாள் சைக்கால். "வீட்ல மிச்சமிருக்கிற கிண்ணமும் ஒடைஞ்சிட்டா கையில ஊத்திக் குடிங்க."

எரிச்சல் பொங்கிக்கொண்டு வந்தது அவளுக்கு. இது டிசம்பர், கிடா முட்டும் மாதம். வருஷம் பூராவும் மனுஷ வாடை பட்ட மாத்திரத்தில் முகடு தாண்டி ஓடிவிடும் காட்டுச் செம்மறிகள் இந்த மூன்று வாரம் மட்டும் புத்தி கெட்டுத் திரியும். குல்ஜா என்று இவர்கள் சொல்லும் பெரிய கிடாக்கள் மேய்வதில்லை, படுப்பதில்லை. பெட்டை போகிற வழியெல்லாம் மூக்கை நீட்டிக்கொண்டு பின்னாலேயே போகும். எதிரே இன்னொரு கிடா வந்தால் முட்டிக்கொண்டு நிற்கும். மந்தை மந்தையாகச் சரிவுக்கு இறங்கி வருகிற இந்த நேரத்தில் அடிக்காதவன் பிறகு எப்போது அடிப்பான்? இன்னும் பத்து நாள் போனால் மறுபடி முகட்டுக்கு ஏறிவிடும்.

சர்க்கார் கூட்டுப்பண்ணை கலைந்தபோது வீட்டுக்கு ஆறு ஆடு என்று பிரித்துக் கொடுத்தார்கள். அதில் மிச்சமிருந்தது இரண்டு. இரண்டும் சினை. மாவு ஒரு வாரத்துக்குக் காணும். நாலு நாளாக வெறும் மாவுக்கஞ்சிதான்.

"நாளைக்குக் கறுத்த ஆட்ட அறுத்துருவோம்," என்றாள்.

"சினை ஆட்டயா?"

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க? காத்த அறுத்து வேக வைக்கவா?"

"இன்னும் ஒரே ஒரு தடவ போயிட்டு வர்றேன்."

"எத்தன குண்டு இருக்கு?"

அவர் சட்டைப் பைக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "மூணு."

எல்லைக் காவல் முகாமில் ஒரு பட்டாளத்துப் பையனுக்கு யாக் மயிரில் காலுறை பின்னிக் கொடுத்து, அவள் வாங்கி வந்தது ஏழு. நாலு குண்டு காற்றோடு போயிருக்கிறது.

"சரி. நானும் வர்றேன்."

"நீயா? பொம்பள வந்தா மலை கோவிச்சுக்கும். குல்ஜா கண்ணுல படாது."

"இப்ப மட்டும் படுதாக்கும்."

* * *

விடிவதற்கு முன்னாலேயே கிளம்பினார்கள். மூச்சு விட்டால் மூக்குத் துளையில் ரோமம் ஒட்டிக்கொள்ளும் குளிர். சைக்கால் இரண்டு மேலங்கி போட்டு, தலையையும் வாயையும் சேர்த்துச் சால்வையால் சுற்றியிருந்தாள். எருதின் மூக்குக் கயிறு அவள் கையில். முன்னால் நடந்த ஓமுர்பெக் வாயை மூடவேயில்லை.

"அடிய மெதுவா வையி. பனி நொறுங்குற சத்தம் ரொம்ப தூரம் போகும்."

"ம்."

"இருமல் வந்தா சால்வைக்குள்ள இருமு."

"ம்."

"மேல போனதும் எருத ஓடைக்குள்ள கட்டிரணும். அதுக்குமேல தவழ்ந்துதான் போகணும்."

"மொதல்ல மேல போவோம். நீங்க பேசற சத்தத்துக்கே அதுங்க பக்கத்து நாட்டுக்குப் போயிருக்கும்."

பழைய தடத்தில் அவர் நடந்த நடையைப் பார்த்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எந்தக் கல்லில் கால் வைக்க வேண்டும், எங்கே ஓடை உறைந்து வழுக்கும் என்பதெல்லாம் அவர் காலுக்கே தெரிந்திருந்தது. ஆனால் முந்தின நாள் காற்று கொண்டுவந்து குவித்த புதுப் பனிமேடு ஒன்று குறுக்கே வந்தபோது, நேராகப் போய் அதில் இடுப்புவரை இறங்கிவிட்டார்.

"எதிர இவ்ளோ பெருசா குமிஞ்சு கெடக்கு, தெரியலயா? மனசு எங்க மேயுது?" என்று கையைப் பிடித்து இழுத்தாள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது இருவருக்கும். சால்வை மடிப்பிலிருந்து உலர்ந்த தயிர் உருண்டை இரண்டு எடுத்து, ஒன்றை அவர் வாயில் போட்டு, ஒன்றைத் தான் போட்டுக்கொண்டாள். கல் மாதிரி உறைந்திருந்தது. உப்பு இறங்கவே நெடுநேரம் ஆனது.

எருதை ஓடைக்குள் கட்டிவிட்டு முகட்டின் விளிம்புக்குத் தவழ்ந்து போகும்போதே சத்தம் கேட்டது. பாறை பிளக்கிற மாதிரி ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஒன்று.

"முட்டுது," என்றார் ஓமுர்பெக். அவர் முகம் ஒரு நிமிஷம் பத்து வயது குறைந்தது போல் ஆயிற்று. "ரெண்டும் பெரிய உருப்படி. சத்தத்துலேயே தெரியுது."

சைக்கால் தலையை மெல்ல உயர்த்திப் பார்த்தாள். கீழே சரிவில், நூற்றைம்பது அடி இருக்குமோ என்னவோ, முப்பது உருப்படிக்குக் குறையாமல் நின்றன. காற்று பனியைத் துடைத்துவிட்ட இடத்தில் பெட்டைகள் புல் குச்சியைக் கொறித்துக்கொண்டிருந்தன. நடுவில் இரண்டு குல்ஜாக்கள் பின்னங்காலில் எழுந்து, ஓடி வந்து, கொம்போடு கொம்பு மோதின. அப்புறம் இரண்டும் எதற்கு மோதினோம் என்று மறந்தவை போல் தள்ளாடிக்கொண்டு நின்றன. ஒன்றுக்கு மூக்குத் தண்டு கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம். அவை இப்படிச் செத்துப் பிழைக்கிற மும்முரத்தில், எந்தப் பெட்டையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

'அறிவு கெட்ட சென்மங்க,' என்று நினைத்துக்கொண்டாள். ஓரமாக, பெரிசுகள் விரட்டியடித்த இளங்கிடா ஒன்று தனியே நின்றது. கொம்பு இன்னும் சுருளவில்லை. இந்த மாதத்தில் பெரிய கிடாக்களின் கறி நாறும், அதன் கறியில்தான் வாடை இருக்காது.

ஓமுர்பெக் துப்பாக்கியைத் தோளில் பொருத்தினார்.

"அடிங்க," என்றாள் காதோடு.

"பொறு."

"எவ்ளோ நேரம் பொறுக்க?"

"வாட்டமா வரட்டும்."

"இதுக்குமேல என்ன வாட்டம்? வந்து மடியில உக்காரணுமா? எத அடிக்கப் போறீங்க?"

"அந்தா, ஓரமா தனியா நிக்குதே, எளசு. அதத்தான்."

துப்பாக்கிக் குழல் காட்டிய திசையில் சைக்கால் பார்த்தாள். இளங்கிடா நின்றது வலப்பக்கம். குழல் நீண்டிருந்தது இடப்பக்கம். அங்கே பனி மூடிய ஒரு பாறை இருந்தது. கொஞ்சம் முயன்றால் அதுவும் ஆட்டு முதுகு மாதிரிதான் தெரியும்.

திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை கிட்டத்தில், இத்தனை வெளிச்சத்தில் அவள் அந்த முகத்தைப் பார்த்துப் பல மாதம் ஆகியிருக்கும். வீட்டுக்குள் ஏது வெளிச்சம்? கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கருவிழியின் மேல் பால் ஏடு படிந்தாற்போல் வெண்மையாக ஏதோ மூடியிருந்தது.

"கீழ எத்தன நிக்குது?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"சொல்லுங்க."

"ஒரு ஏழு எட்டு இருக்கும்."

கீழே மறுபடி கொம்புகள் மோதின.

"எப்பேர்ந்து?" என்றாள்.

அவர் குழலைத் தாழ்த்தினார். மறைக்க முயலவில்லை. "எடது கண்ணு முன்னாடியே போச்சு. வலது, போன குளிர்லேர்ந்து மங்கிக்கிட்டே வருது. பக்கத்துல இருக்கிறது தெரியும். தூரத்துல எல்லாம் ஒரே பொகை."

"ஒரு வருஷமா."

"ம்."

"லாரி ஓட்டுனீங்களே."

"கடைசி ரெண்டு நட, ரோடு மனப்பாடம், ஓட்டிட்டேன். அதுக்கப்புறம் டீசல் நின்னு போச்சு. டீசல் வரலேன்னு ஊரே ஒப்பாரி வெச்சுது. நான் ஒருத்தன் மட்டும் வெளிய காட்டிக்காம அல்லாவுக்கு நன்றி சொன்னேன்."

இருபது வருஷம் பனி வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்தே கணவாய்ச் சாலையில் லாரி ஓட்டிய கண். அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. உச்சந்தலைவரை கோபம்தான் ஏறியது.

"மூணு தடவ. இந்தக் குளிர்ல, கண்ணு தெரியாம, தனியா. வழியில ஒரு பள்ளத்துல விழுந்திருந்தா? நாலு குண்டு. அந்த நாலையும் எதுல அடிச்சீங்க?"

"அசைஞ்ச மாதிரி இருந்துச்சு."

"பாறை அசையுமா?"

"எனக்கு அசையுதே."

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப? ஓஷ் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு நடந்திருப்பியா?"

"திட்டியாவது இருப்பேன்."

"அது சொல்லாமலே நடந்துக்கிட்டுதான இருக்கு."

சைக்கால் அவர் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கினாள். பள்ளிக்கூடத்தில் ராணுவப் பாட வகுப்பில், பெண்பிள்ளைகளையும் வரிசையாகப் படுக்க வைத்து அட்டையில் சுடச் சொல்லுவார்கள். இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. அட்டை ஓடாது, பெட்டை பின்னால் போகாது.

"கன்னத்த ஒட்டி வை," என்று ஆரம்பித்தார் ஓமுர்பெக். "மூச்ச பாதி விட்டுட்டு நிறுத்து. காத்து எந்தக் கன்னத்துல படுது?"

"வாய மூடுங்க."

"எந்தக் கன்னம்னு சொல்லு."

"எடது."

"அப்ப ஒரு கை அளவு எடது பக்கமா தள்ளி வை. முன்னங்காலுக்குப் பின்னால. விரல இழுக்காத, பிழி."

இளங்கிடாவைப் பார்த்து அவள் பிழிந்தாள். குண்டு அதன் காலடியில் பனியைக் கிளப்பியது. மந்தை மொத்தமும் ஒரே உடம்பாகத் திரும்பி எதிர்ச்சரிவில் ஏறி ஓடியது. இளங்கிடாதான் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடியது.

"என்னாச்சு? விழுந்துச்சா?"

"பேசாதீங்க."

ஓடுகிற மந்தையில் ஒரு பெட்டை மூச்சு வாங்க நின்றது. அது நின்றதும் பின்னால் வந்த மூக்குக் கிழிந்த குல்ஜாவும் நின்றுவிட்டது. வெடிச் சத்தம் கேட்டதோ இல்லையோ, அதன் கவலை வேறாக இருந்தது. கழுத்தை நீட்டி, மேலுதட்டைச் சுருட்டி, பெட்டையின் பின்னால் முகர்ந்துகொண்டு நின்றது. பக்கவாட்டில் முழு உடம்பும் தெரிந்தது. சைக்கால் பாதி மூச்சை விட்டு நிறுத்தினாள்.

இரண்டாவது குண்டுக்கு அது முன்னங்கால் மடங்கி விழுந்து, எழ முயன்றது. பெட்டை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

கிட்டப் போனபோதும் உயிர் இருந்தது. கடைசிக் குண்டையும் போட வேண்டியதாயிற்று. துப்பாக்கியை வைத்துவிட்டு அவள் உட்கார்ந்துவிட்டாள். ஓமுர்பெக் தடவிக்கொண்டே வந்து கழுத்தைக் கண்டுபிடித்தார். பிஸ்மில்லா சொல்லிக் கத்தியை இழுத்தார். அதற்குப் பிறகு அவள் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. கண்ணே தேவைப்படாத வேலை அவருக்கு அது. விரல் போகிற வழியில் கத்தி போனது. தோல் ஒரு கீறல் இல்லாமல் கழன்று வந்தது. மூட்டு மூட்டாகக் கழற்றிச் சாக்கில் வைத்தார். வயிற்றைத் திறந்ததும் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பினார்கள்.

"குல்ஜாவா?" என்றார்.

"கொம்பத் தொட்டுப் பாத்தீங்கள்ல."

"எளச அடிக்கச் சொன்னேன்."

"நீங்க பாறைய அடிக்கச் சொன்னீங்க."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாடையில் வாயைத் திறக்கவே முடியவில்லை.

* * *

பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது ஊர் எல்லைக்கு வந்துவிட்டார்கள். அடுத்த வீட்டு எசென்பாய் சாணி வரட்டி மூட்டையோடு எதிரே வந்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வேட்டையிலிருந்து வருகிறவனை முதலில் எதிர்கொள்கிறவனுக்குப் பங்கு உண்டு. அது ஊர் வழக்கம்.

"அண்ணே, என் பங்கு," என்று சாக்கைத் தட்டினான். பிறகு மூக்கைத் தேய்த்துக்கொண்டான். "குல்ஜா போலருக்கே."

"கசக்குதுன்னா விட்டுரு," என்றாள் சைக்கால்.

"ஐயோ மதினி, நான் எங்க கசக்குதுன்னேன்? செருப்புத் தோலக் குடுத்தாலும் வேக வெச்சித் தின்னுருவோம். எவ்ளோ தூரத்துலண்ணே அடிச்சீங்க?"

ஓமுர்பெக் தாடியைத் தடவினார். "நூத்தம்பது அடி இருக்கும். எடது பக்கக் காத்து."

"ஒங்க கண்ணு கண்ணுதாண்ணே."

"ஒரு கை தள்ளி வெச்சேன். சரியா முன்னங்காலுக்குப் பின்னால போயிப் பாஞ்சுது."

சைக்கால் மூக்குக் கயிற்றை ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள். ஒரு பாவமும் அறியாத எருது தலையை உதறிக்கொண்டு நடந்தது. வீடு வரும்வரை அவர் அவளுக்கும் எட்டுகிற குரலில், அந்தக் குண்டைப் பற்றியே எசென்பாயிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

கறி கொதிக்க ஆரம்பித்ததும் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. முதல் தண்ணீரைக் கொட்டினாள். இரண்டாவதையும் கொட்டினாள். மூன்றாவதில் உப்பும், கோடையில் உலர்த்தி வைத்த காட்டு வெங்காயம் இருந்ததையெல்லாமும் போட்டாள். நூரிலா சால்வையை மூக்கில் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய, அடுப்பை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நாறினாலும் கறி கறிதானே.

வெந்து இறக்குகிற நேரத்தில் எசென்பாய் மறுபடி வந்தான். இடம் போட்டார்கள். முதல் கிண்ணத்தைக் குடித்து முடித்துவிட்டு வந்த காரியத்தைச் சொன்னான்.

"அண்ணே, என் மச்சான் துப்பாக்கி எங்கிட்ட இருக்கு. குண்டும் பத்து இருக்கு. எனக்குச் சுடத் தெரியாது. என் தம்பி ஜாகிப் மலை ஏறுவான், சுட மாட்டான். நீங்க நாளைக்கு வந்தா போதும். ஆளுக்குப் பாதி."

"போலாம். அதுக்கென்ன," என்றார் ஓமுர்பெக்.

சைக்கால் அகப்பையைச் சட்டிக்குள் விட்டுவிட்டாள். அவரைப் பார்த்தாள். அவர் கறியை மென்றுகொண்டிருந்தார்.

"அவருக்கு நாளைக்கு வேலை இருக்கு," என்றாள்.

"என்ன வேலை?" என்றார் ஓமுர்பெக்.

"வேலை இருக்குன்னா இருக்கு."

"மதினி, ஒரே நாளுதான்," என்றான் எசென்பாய். "யோசனையெல்லாம் பண்ணியாச்சு. ஜாகிப் கீழ்ப்பக்கமாப் போயி மந்தைய மேல வெரட்டுவான். அண்ணன் மேல இருந்து அடிச்சாப் போதும். நேரா வந்து விழும்."

ஓமுர்பெக் மெல்லுவதை நிறுத்தினார்.

"ஜாகிப் எங்க நிப்பான்?"

"மந்தைக்குப் பின்னாடியே ஏறி வருவான். பாறை மறைவு இருக்குல்ல."

"அவன் என்ன போட்டுக்கிட்டு வருவான்?"

"என்ன போடுவான், செம்மறித் தோல் அங்கிதான். ஏண்ணே?"

அய்சாடா அம்மாவைப் பார்த்தாள். சைக்காலின் வாய் திறந்திருந்தது. சொல்ல வேண்டியது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவளே சொல்லிவிட்டால் இந்த மனுஷன் இனி ஊருக்குள் எப்படி நடப்பார் என்பதும் கூடவே வந்து நின்றது.

ஓமுர்பெக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கை துழாவித் தரையைத் தொட்ட பிறகே வைத்தார்.

"எனக்குக் கண்ணு தெரியாது எசென்பாய்," என்றார்.

எசென்பாய் சிரித்தான். அப்புறம் சைக்காலின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"வழியில சொன்னீங்களேண்ணே, நூத்தம்பது அடி..."

"சொன்னதெல்லாம் நெசந்தான். அடிச்ச ஆளுதான் வேற. இவதான் அடிச்சா. நாளைக்கு இவளக் கூட்டிட்டுப் போ. இவளுக்கு மொதக் குண்டு வீணாப் போகும், ரெண்டாவதுல விழும். நீ பத்து வெச்சிருக்கல்ல, தாராளமாக் காணும்."

"யாரக் கேட்டு என்னை அனுப்புறீங்க?" என்றாள் சைக்கால்.

"நீ போகலேன்னா இவன் தம்பிய நான் சுட்டுருவேன்."

"பேச்சப் பாரு பேச்ச." அவள் அடுப்பில் ஒரு வேரை ஒடித்துப் போட்டாள். புகை கண்ணில் பட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "இப்ப சொல்லத் தெரியுதுல்ல? அத ஒரு வருஷம் முன்னாடி சொன்னா என்னவாம்? கிண்ணத்த ஒடைச்சதுக்கெல்லாம் ஒங்கள எவ்ளோ திட்டியிருக்கேன்."

"சுவத்த இடிச்சதுக்கும் திட்டுன."

"திட்டத்தான் செய்வேன். நாளைக்கும் திட்டுவேன்."

எசென்பாய்க்கு எழுந்து போவதா, உட்காருவதா என்று தெரியவில்லை. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப மதினி, காலைல..." என்று இழுத்தான்.

"வர்றேன். ஒன் தம்பிய சிவப்புத் துணி ஏதாவது கட்டிக்கிட்டு வரச் சொல்லு. அப்புறம், இவர் வரக் கூடாது. வழியெல்லாம் பேசிக்கிட்டே வருவாரு."

"நான் வராம தோல யாரு உரிப்பா?" என்றார் ஓமுர்பெக். "கணக்கு வாத்தியாரா?"

"எனக்கு ரத்தம் பாத்தா தலை சுத்தும்ணே," என்றான் எசென்பாய்.

"கேட்டியா?"

சைக்கால் சட்டியைக் கிளறி, உள்ளதில் நல்ல துண்டாக ஒன்றை எடுத்து, அவர் கையைப் பிடித்து, விரல்களைக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்து அழுத்திக் கொடுத்தாள். அவர் ஒரு வாய் மென்றார். மெல்ல மெல்ல முகம் கோணிக்கொண்டே போயிற்று.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"நாறுதுல்ல?"

"நாறுது."

"தின்னுங்க," என்று சொல்லிவிட்டுத் தனக்கும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.